பதினான்கு வயதோடு நின்றுபோன கடமை

கொரோனாக் கொள்ளைநோய் நாட்டையே வீட்டுக்குள் முடக்கியிருந்த 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தமிழ்நாட்டு அரசு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை ரத்துசெய்து, பள்ளிகளில் பயின்ற மாணவர் அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவித்தபோது, லட்சக்கணக்கான குடும்பங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டன. பள்ளியில் சேராமல் அதே தேர்வுக்குக் காத்திருந்த தனித்தேர்வர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை கிட்டவில்லை. நோயின் உக்கிரம் தணியாத செப்டம்பரில் அவர்கள் முகக்கவசம் அணிந்துகொண்டு தேர்வுக்கூடம் சென்று எழுதித்தான் ஆக வேண்டியிருந்தது. பள்ளி மாணவர்களுக்குக் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளின் மதிப்பெண்ணும் வருகைப் பதிவும் கைவசம் இருந்தன, அவற்றைக் கொண்டு மதிப்பிட முடிந்தது, தனித்தேர்வர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லையே என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். சமாதானம் என்ற அளவில் அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயினும், அவர்களுக்கு ஏன் காலாண்டுத் தேர்வு இல்லை, ஏன் வருகைப் பதிவு இல்லை என்று ஒருபடி மேலே சென்று விசாரித்தால், அவர்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடத்தை இந்த ராஜ்யம் ஏற்படுத்தவே இல்லை என்ற விடைதான் வந்து நிற்கிறது. தேர்வை நடத்துகிறோம், கட்டணம் வாங்குகிறோம், விடைத்தாள் திருத்துகிறோம், சான்றிதழ் அச்சிட்டுக் கொடுக்கிறோம்; பாடம் சொல்லிக்கொடுக்கும் காரியத்தை மாத்திரம் அவரவர் தலையெழுத்துக்கு விட்டுவிட்டோம்.

படிப்பை நடுவில் நிறுத்திய ஒருவர், இருபத்தைந்து வயதிலோ நாற்பது வயதிலோ அதைப் பூர்த்திசெய்ய விரும்பினால், அதற்கான செலவைப் பொதுப் பணத்திலிருந்து கொடுப்பது தர்மமா, தயையா, கடமையா என்ற கேள்விக்கு நம்முடைய அரசியல் சாசனத்தின் சரித்திரமே ஒரு பதில் சொல்லும். 1950இல் அமலுக்கு வந்த அந்தச் சாசனம், தன் 45ஆம் ஷரத்தில், பத்து ஆண்டுகளுக்குள் பதினான்கு வயதுவரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசமான கட்டாயக் கல்வியை அளிக்க அரசு முயலவேண்டும் என்று விதித்தது. 1960 வந்தது, போயிற்று. 2002இல் 86ஆம் திருத்தத்தின் மூலம் கல்வி அடிப்படை உரிமையாயிற்று. 2009இல் அதற்கான சட்டம் பிறந்து, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அரை நூற்றாண்டுக் காலம் தாமதமாய் வந்த அந்த உரிமையும் ஆறு வயதிலிருந்து பதினான்கு வயதுவரை உள்ளவர்களுக்கே உரியது. 2010இல் பதினைந்து வயதை எட்டிவிட்ட ஒரு பையனோ பெண்ணோ இன்று முப்பதைத் தாண்டியிருப்பார். அவர் குழந்தையாய் இருந்தபோது உரிமை பிறக்கவில்லை, உரிமை பிறந்தபோது அவர் குழந்தையாய் இல்லை. கொடுக்கவேண்டிய காலத்தில் கொடுக்காத கடன், கடன்பட்டவனுடைய தாமதத்தினாலேயே தள்ளுபடியாகிவிடும் என்று எந்த நியாயசாஸ்திரமும் சொல்லாது.

பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைக்கும் விஷயத்தில் தமிழ்நாடு மற்ற மாநிலங்களுக்கு முன்னோடியாய் இருந்தது என்பதை மறுப்பவர் இல்லை. பசித்த வயிற்றோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை உணர்ந்து, 1956இல் எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கிவைத்த மதிய உணவு, இன்று காலை உணவுவரை விரிந்திருக்கிறது. பள்ளிக்கு வரவிடாமல் தடுப்பது கட்டணம் ஒன்றே அன்று, அதைச் சுற்றியுள்ள வறுமையும்தான் என்ற உண்மையை இந்தத் தேசத்துக்கு எடுத்துக்காட்டிய ராஜ்யம் இது. அந்த உண்மை, பிள்ளைகளுக்குப் பொருந்துவதுபோலவே பெரியவர்களுக்கும் பொருந்தும் என்பதை ஏனோ நாம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாத மனிதருக்கு என்னென்ன வாசல்கள் அடைபட்டிருக்கின்றன என்பதைப் படித்தவர்கள் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை, தங்கள் சான்றிதழ் எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்பதே பலருக்கு நினைவிராது. டி.என்.பி.எஸ்.சி.யின் குரூப் 4 தேர்வுக்குக் குறைந்தபட்ச யோக்கியதை பத்தாவது பாஸ். சமீபத்திய நியமன விதிகளின்படி அங்கன்வாடி உதவியாளராவதற்குப் பத்தாம் வகுப்பும், அங்கன்வாடிப் பணியாளராவதற்குப் பன்னிரண்டாம் வகுப்பும் தேறியிருக்க வேண்டும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் இளைஞனுடைய பாஸ்போர்ட்டில் கூட இந்தச் சான்றிதழின் நிழல் விழுகிறது: 1983ஆம் ஆண்டின் எமிக்ரேஷன் சட்டப்படி, பத்தாவது தேறாதவர் அந்த நாடுகளுக்கு வேலைக்குப் புறப்படுமுன் தனியே அனுமதி பெறவேண்டும். ஏமாற்றுக்காரர்களிடமிருந்து எளியவர்களைக் காப்பதற்காக ஏற்பட்ட விதி அது என்பது வாஸ்தவம். என்றாலும், விமான நிலையத்தில் ஒருவனை மற்றவனிடமிருந்து பிரித்து நிறுத்துவது அந்த ஒரு தாள்தான் என்பதும் வாஸ்தவம்.

இதைவிட வினோதமானது 2009ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசு பிறப்பித்த ஓர் ஆணை. பள்ளிப் படிப்பை முடிக்காமலே, திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் வழியாக நேரே பட்டம் பெற்றவர்கள் பலர் அக்காலத்தில் இருந்தனர். பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் முறையாகத் தேறிய பிறகு பெற்ற பட்டமே அரசு உத்தியோகத்துக்குச் செல்லும் என்று அந்த ஆணை வரையறுத்தது. படிப்படியாகத்தான் ஏறவேண்டும் என்ற தத்துவத்தில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. பள்ளியின் அஸ்திவாரம் இல்லாத பட்டத்தை நானும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஆனால், பள்ளிப் படியை மிதிக்காமல் மேலே போகக்கூடாது என்று சட்டம் இயற்றுகிற அரசாங்கம், வயது வந்த ஒருவர் திரும்பி வந்து மிதிப்பதற்கு அந்தப் படியைக் கட்டிவைக்க வேண்டிய கடமையையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொள்கிறது. மத்திய சர்க்காரோ வேறொரு சுலபமான வழியைக் கண்டுபிடித்தது: லாரி, பஸ் போன்ற வாகனங்களை ஓட்டுவதற்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றிருந்த விதியை 2019இல் எடுத்தே போட்டுவிட்டது. ஓட்டுநர்களுக்கு அது பெரிய உபகாரம், சந்தேகமில்லை. ஆனாலும் யோக்கியதையைக் கைவிடுவது, யோக்கியதையை உண்டாக்குவதைவிட எவ்வளவு மலிவான காரியம் என்ற எண்ணம் அந்தச் செய்தியைப் படித்தபோது எழாமல் இல்லை.

வயது வந்தோர் கல்வி என்றதும் நம் ஜனங்களுக்கு நினைவு வருவது அறிவொளி இயக்கம். எர்ணாகுளம் 1990இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து தமிழ்நாட்டில் பரவிய அந்த இயக்கம், புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராய் இருந்தபோது அடைந்த வேகம் அசாதாரணமானது. கல்லுடைக்கும் பெண்கள் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொண்டு ஊர்ச்சாலைகளில் போனதை நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பெருமையில் ஒரு துளியையும் குறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த இயக்கங்களுக்குப் பிறகு நம் கொள்கை வகுப்போர் மனத்தில் ஒரு பிழையான கணக்கு நிலைபெற்றுவிட்டது: பெரியவர்களுக்கு வேண்டியது எழுத்துக்கூட்டிப் படிக்கவும் கையெழுத்துப் போடவும் தெரிவது, அதற்குமேல் வேண்டியது பிள்ளைகளுக்கு என்பது அந்தக் கணக்கு. கைநாட்டு ஒழிந்தால் போதும் என்று திருப்தியடைந்த ஒரு சமுதாயம், கையெழுத்துப் போடத் தெரிந்தவர் எதில் கையெழுத்துப் போடுகிறார், எந்த விண்ணப்பத்தைப் பூர்த்திசெய்ய முடியாமல் திரும்புகிறார் என்பதைக் கவனிக்க மறந்துபோயிற்று.

இப்போது நடைமுறையில் உள்ள புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் இந்தக் குறையை அறியாதது அன்று. அதன் ஐந்து அங்கங்களில், தொடக்க நிலை முதல் இடைநிலைவரை பள்ளி வகுப்புகளுக்கு ஈடான சமநிலைக் கல்வியும் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் எழுதியதற்கு நிதி எங்கே? 2022 முதல் 2027 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு அதற்கு ஒதுக்கப்பட்டது 1,037 கோடியே 90 லட்சம் ரூபாய். எட்டவேண்டிய இலக்கு 5 கோடிப் பேர். வகுத்துப் பார்த்தால் தலைக்கு 200 ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது. எழுத்தறிவுக்கே தொண்டர்களின் தயவை எதிர்பார்த்து நிற்கும் இந்தத் தொகையில், அல்ஜீப்ராவும் அறிவியலும் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியரை நியமிப்பது எப்படி என்பது அந்தத் திட்டத்தை வகுத்தவர்களுக்கே வெளிச்சம். பள்ளிக்கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்திலோ, 16 முதல் 19 வயதுவரையிலான, பள்ளியை விட்டு நின்ற ஏழைப் பிள்ளைகள் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் படிப்பதற்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய்வரை உதவ இடமிருக்கிறது. இருபதாவது பிறந்தநாள் அன்று அந்த உதவியும் விடைபெற்றுக்கொள்கிறது. வறுமை மட்டும் பிறந்தநாள் பார்த்து விடைபெறுவதில்லை.

இந்த விவாதத்தில் அடிக்கடி மறக்கப்படுவது ஒன்று உண்டு. தனித்தேர்வு எழுதுவதற்கான கட்டணம் பெரிய தொகை அன்று. சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்வித் தொலைக்காட்சியும் இருக்கிறது. அப்படியானால் நிதி எதற்கு என்று கேட்பவர்கள், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணினுடைய நாளை மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். காலை எட்டரைக்கு உள்ளே போனால் மாலை ஐந்தரைவரை ஒரு ஷிப்ட். ஆர்டர் நெருக்கும் நாளில் ஒன்றரை ஷிப்ட், அதாவது இரவு எட்டரை அல்லது ஒன்பது. வீட்டுக்குப் போய் உலை வைத்து, பிள்ளைகளைத் தூங்கச் செய்து, பத்து மணிக்குக் கைபேசியில் முக்கோணவியல் பாடத்தைத் திறக்கும்போது, புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்பதற்கு அந்தக் கைபேசிக்குள் ஆள் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்ற இப்படிப்பட்ட பெண்ணுக்கு, வடிவொத்த முக்கோணம் எது, சர்வசம முக்கோணம் எது என்பதை ஒருவர் எதிரே உட்கார்ந்து, காகிதத்தை மடித்துக் காட்டிச் சொல்லவேண்டும். காகிதத்தை மடித்துக் காட்டுகிற அந்த ஒருவருக்குத்தான் சம்பளம் தேவைப்படுகிறது.

இதற்குமேலும் ஒரு முள் இருக்கிறது. பத்தாம் வகுப்பை நேரடியாக எழுதும் தனித்தேர்வர், அறிவியல் செய்முறைப் பயிற்சி வகுப்புக்கு ஒதுக்கப்பட்ட பள்ளிக்குச் சென்று, எண்பது விழுக்காடு வருகை காட்டியிருக்க வேண்டும்; காட்டாதவருக்குச் செய்முறைத் தேர்வு எழுத அனுமதி கிடையாது. ஆய்வுக்கூடத்தைக் கண்ணால் பாராமல் அறிவியல் தேறக்கூடாது என்பது நல்ல விதிதான். ஆனால் இந்த வகுப்புகள் பள்ளி நேரத்தில் நடக்கும்போது, தினக்கூலி வாங்குபவருக்கு ஒவ்வொரு வகுப்பும் ஒருநாள் சம்பளம். சனிக்கிழமை சம்பள உறையில் அந்தக் குறைவைப் பார்க்கும் வீட்டார், படிப்பைப் பற்றி என்ன சொல்வார்கள் என்பதை நான் எழுதவேண்டியதில்லை. மற்றப் பாடங்களில் தேறிக் கணக்கு ஒன்று மட்டும் பாக்கி வைத்திருந்தவர்களின் கதையோ தனி: 2019-20இல் பத்தாம் வகுப்புக்குப் புதிய பாடநூல்கள் வந்தபின், பழைய புத்தகத்தை ஒருவாறு பழகிவைத்திருந்தவர்கள் புதியதை முதலிலிருந்து எடுக்கவேண்டியதாயிற்று. இந்தச் சந்தர்ப்பத்தில் அவர்களுக்குக் கைகொடுத்தவை டுடோரியல் கல்லூரிகளே. பஸ் நிலையத்துக்கு எதிரே, மளிகைக் கடைக்கு மேல்மாடியில், ஒரு ஹாலை பிளைவுட் தடுப்பால் இரண்டாக்கி, ஒரு பக்கம் கணக்கும் மறுபக்கம் இங்கிலீஷும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் அந்த ஸ்தாபனங்களைப் படித்தவர்கள் பரிகசிப்பதுண்டு. சர்க்கார் செய்யாத ஒரு காரியத்தை அரைகுறையாகவேனும் செய்தவர்கள் என்ற மரியாதை அவர்களுக்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்; அந்த அரைகுறைக்கு விலை கொடுத்தவர்கள் மிகவும் ஏழைகள் என்பதுதான் வருத்தம்.

பக்கத்திலுள்ள கேரளம் வேறு பாதையில் சென்றிருக்கிறது. 1991 ஏப்ரலில் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாகத் தன்னை அறிவித்துக்கொண்ட அந்த ராஜ்யம், அந்த அறிவிப்போடு புத்தகத்தை மூடிவிடாமல், சாக்ஷரதா மிஷன் என்ற அரசு அமைப்பின் வழியாக நான்காம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஆகியவற்றுக்குச் சமநிலைப் படிப்புகளை நடத்தி வருகிறது. விடுமுறை நாட்களில் பள்ளிக்கூடக் கட்டடங்களிலேயே வகுப்பு. கட்டணம் உண்டு, ஆனால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் விலக்கு. கொல்லம் மாவட்டத்து பாகீரதி அம்மா தமது 105ஆம் வயதில் நான்காம் வகுப்புச் சமநிலைத் தேர்வு எழுதித் தேறியதும், அவருக்கு நாரீ சக்தி விருது கிடைத்ததும் பத்திரிகைகளில் வந்தன. என்னை அதைவிடக் கவர்ந்தது நடிகர் இந்திரன்ஸின் விஷயம். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தையல் தொழிலுக்குப் போய், பிறகு சினிமாவில் பெயர்பெற்ற அவர், 2023இல் பத்தாம் வகுப்புச் சமநிலைப் படிப்பில் சேர விரும்பியபோது, முதலில் ஏழாம் வகுப்பைத் தேறவேண்டும் என்று விதி குறுக்கே நின்றது. தேசிய விருதுக் குழுவின் சிறப்புப் பாராட்டைப் பெற்றவருக்காகவும் அந்த விதி வளையவில்லை. அவரும் ஏழாம் வகுப்புத் தேர்வை எழுதி, 2024இல் தேறினார். படி ஏறித்தான் வரவேண்டும் என்று சொல்லும் அரசாங்கம், ஏறுவதற்குப் படியையும் வைத்திருக்கிறது என்பதே இங்கே கவனிக்கத்தக்கது.

கடல் கடந்தும் ஓர் உதாரணம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பெரியவர்கள் பள்ளிப் படிப்பைப் பூர்த்திசெய்வதற்கான வகுப்புகள் இலவசமாய் இருந்தன. சிக்கனம் கருதி 2015 முதல் கட்டணம் வசூலிக்க அனுமதித்தார்கள். கட்டணம் வந்ததும் சேர்வோர் தொகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆட்சி மாறியபின், 2017 செப்டம்பரில் கட்டணம் எடுக்கப்பட்டது. செல்வச் செழிப்புள்ள ஒரு நாட்டிலேயே கட்டணம் இவ்வளவு பேரைத் திருப்பி அனுப்புமானால், இலவசமாய்க் கிடைப்பதற்கு மதிப்பில்லை, நாலு காசு வாங்கினால்தான் சிரத்தையோடு படிப்பார்கள் என்று நம்மிடையே உலவும் பழைய வாதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகளின் பள்ளிகளிலேயே ஆசிரியர் பற்றாக்குறை இருக்கும்போது பெரியவர்களுக்கு எங்கே போவது என்பது கனமான ஆட்சேபம். அதை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் தொகையைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு அல்லவா பயப்பட வேண்டும்? தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியைத் தேர்ந்து, வார நாட்களில் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமை பகலிலும் வகுப்பு நடத்த, ஓய்வுபெற்றவர்களோ பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்களோ ஆக, பாடத்துக்கு ஒருவராக ஐந்து பேரை மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியத்தில் அமர்த்துவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஆகக்கூடிய செலவு 23 கோடியே 28 லட்சம் ரூபாய். நகரங்களையும் சேர்த்து, விளக்குக்கும் காவலுக்கும் கொடுத்து, தொகையை இரண்டு மடங்காக்கினாலும், 2025-26இல் பள்ளிக்கல்விக்கு ஒதுக்கிய 46,767 கோடியில் அது எந்த மூலைக்கு? 10,000 ரூபாய் போதாது என்று ஆசிரியர் சங்கத்தார் சொல்வார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான், கூட்டிக் கொடுக்கட்டும்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்து மேற்படிப்புக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 முதல் நடக்கிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவியைக் கல்வி உதவியாக மாற்றியது நல்ல விவேகம். ஆனால் பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு மில்லுக்குப் போய், இருபத்திரண்டு வயதில் தனித்தேர்வராகப் பத்தாவதும், இருபத்தைந்தில் பன்னிரண்டாவதும் தேறி, கல்லூரி வாசலில் வந்து நிற்கும் பெண்ணுக்கு அதில் இடமில்லை. ஆறு முதல் பன்னிரண்டுவரை தொடர்ச்சியாய் வந்தவருக்கே அது. இருவரில் யார் அதிகப் பிரயாசைப்பட்டு வந்தவர் என்று ஒரு குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். அந்த விதியில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்துத் தனித்தேர்வரையும் உள்ளடக்குவதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு படி கூடப்போய், மாலை வகுப்புக்கு ஒழுங்காய் வருபவருக்கும் அதே மாதத் தொகையைக் கொடுத்தால், ஒன்றரை ஷிப்டில் அந்த அரை ஷிப்டை விட்டுவிட்டு வகுப்புக்கு வருவதற்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். மதிய உணவு பிள்ளைக்குச் செய்த காரியத்தை அது பெரியவருக்குச் செய்யும்.

இவற்றுக்கெல்லாம் அமைச்சரவையின் சம்மதமும் நிதித்துறையின் கையெழுத்தும் தேவைப்படலாம், நிதிநிலை அறிக்கைவரை பொறுக்க வேண்டியிருக்கலாம். செய்முறைப் பயிற்சி வகுப்புகளை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுவதற்கு மட்டும் அப்படி எதுவும் வேண்டாம். பயிற்சி அளிக்கும் ஆசிரியருக்கு ஈடுசெய் விடுப்பு கொடுத்து, இந்த ஆண்டுத் தனித்தேர்வர்களுக்குப் பயிற்சி தொடங்குவதற்கு முன்னால், அரசுத் தேர்வுத் துறையும் பள்ளிக்கல்வித் துறையும் சேர்ந்து மாவட்டக் கல்வி அலுவலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.